மூன்றாம் வட்டில் தொலைந்த 41 செக்டர்கள்

நேற்று இரவு பதினொன்றே முக்கால் இருக்கும். கெட்ட வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருளின் திரையில், "படிக்க முடியாதவை" என்ற இடத்தில் பூஜ்யம் வந்து நின்றது. அது செக்டர்களின் எண்ணிக்கை, அதாவது வட்டில் தரவு பிரித்து வைக்கப்பட்டிருக்கும் சிறு துண்டுகள். ஐந்து வாரமாக அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் சூட்டோடு சூடாக எழுதிவைக்கிறேன். வீட்டில் பழைய கேம் வட்டு வைத்திருக்கிற யாருக்காவது உதவும். முக்கியமாக, நான் செய்த தப்பை அவர்கள் செய்யாமல் இருக்க உதவும்.

வட்டு எது என்றால், பால்டர்ஸ் கேட். பயோவேர் உருவாக்கி, இன்டர்ப்ளே 1998 டிசம்பரில் வெளியிட்டது. ஐந்து சிடி. அண்ணன் தேசிய சேவையில் இருந்தபோது வாங்கிய படிக்காசைச் சேர்த்து, 1999இல் சிங்கப்பூரில் ஃபுனான் கடைத்தொகுதியில் 69 வெள்ளி கொடுத்து வாங்கினான். கள்ள வட்டு மலிவாகக் கிடைத்த காலம் அது. அசல் பெட்டியோடு அவன் வீட்டுக்கு வந்தபோது அம்மா விலையைக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கணினி முன்னால் அவன் உட்காருவான், பக்கத்தில் முக்காலியில் நான். என் வேலை வட்டு மாற்றுவது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனால் கேம் அடுத்த வட்டைக் கேட்கும். "பாப்பா, மூணு" என்பான். விளிம்பைப் பிடித்து எடுத்து, தட்டில் வைத்து, உள்ளே தள்ளுவேன். கேமை நான் ஆடியதைவிட வட்டு மாற்றியதுதான் அதிகம். ஆனாலும் அந்தக் கதை முழுக்க எனக்குத் தெரியும்.

அண்ணன் இப்போது பெர்த்தில் இருக்கிறான். தீபாவளிக்கு வருகிறேன் என்றான். புக்கிட் பாத்தோக்கில் அம்மா வீட்டுச் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது அந்த வட்டுப் பை கிடைத்தது. கறுப்பு ஸிப் வைத்த, நாற்பது வட்டு பிடிக்கிற பை. உள்ளே பால்டர்ஸ் கேட் ஐந்தும், பிளேன்ஸ்கேப் டார்மென்ட் நான்கும், ஐஸ்விண்ட் டேல் இரண்டும், ஃபால்அவுட் ஒன்றும் இருந்தன. வருகிறவனுக்கு முன்னால் முதல் கேம் ஓட வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் தொடங்கியது.

இணையத்தில் வாங்கிவிடலாமே என்று கணவர் கேட்டார். வாங்கலாம். 2012இல் வந்த மேம்படுத்திய பதிப்பு நன்றாகவே ஓடும், என்னிடமும் இருக்கிறது. ஆனால் அதில் தொடக்கக் காட்சி வேறு. பழையதில் கவசம் போட்ட ஒருவன் கோபுர உச்சியிலிருந்து ஒரு மனிதனைக் கீழே தள்ளும் அந்தக் கணினிச் சித்திரப் படம் வரும். புதியதில் அதற்குப் பதிலாகக் கையால் தீட்டிய காட்சிகள். பழைய படத்தை இருட்டில் பார்த்துப் பயந்து அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தப் படம், அந்த வட்டிலிருந்து.

முதலில் வாங்கியது மெலிதான யுஎஸ்பி டிவிடி டிரைவ், 36 வெள்ளி. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய வட்டுகள் அலுங்காமல் நகலாகிவிட்டன. ஐந்தாவதில் பால் படிந்ததுபோல மங்கல். கீறல் இல்லை. பையின் பிளாஸ்டிக் உறை நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து, அந்த எண்ணெய்ப் பசை வட்டில் ஏறியிருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தேன். ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆகி, முழுதாகப் படித்தது.

மூன்றாவதுதான் வம்பு. 61 சதவீதத்தில் டிரைவ் கரகரவென்று இழுத்து, நின்று, பிழை காட்டியது. வட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் ஏழெட்டுக் கீறல். இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். வெள்ளைப் பற்பசையை எடுத்து, வட்டம் வட்டமாக, இருபது நிமிடம் தேய்த்தேன். கழுவி உள்ளே போட்டால் 12 சதவீதத்திலேயே நின்றுவிட்டது.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். சிடியில் தரவு நடுவிலிருந்து வெளியே சுருள் சுருளாக ஒரே கோட்டில் ஓடுகிறது. அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டும் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். வெட்டிய இடத்தில் போவது கொஞ்சம்தான், பிழைதிருத்தக் குறியீடு அதை ஈடுகட்டிவிடும். கோட்டோடு கூடவே ஓடும் கீறல் இரண்டரை மில்லிமீட்டருக்குமேல் போனால் அந்தக் கணக்கு எடுபடாது. நான் வட்டம் வட்டமாகத் தேய்த்து, கோட்டோடு ஓடும் மெல்லிய கீறல்களை நூற்றுக்கணக்கில் போட்டிருந்தேன். ஏற்கெனவே இருந்த ஏழெட்டும் குறுக்குக் கீறல்கள். அவற்றால் ஒரு தொல்லையும் இருந்திருக்காது.

அதைவிடப் பெரிய தப்பு, தேய்ப்பதற்கு முன்னால் படிக்கக்கூடியதை எல்லாம் படித்து எடுத்துவைக்காதது. சாதாரண நகல் முறை முதல் பிழையிலேயே நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டு மிச்சம் எல்லாம் போச்சு என்று நினைத்துவிட்டேன். பற்பசைக்கு முன் அந்த வட்டில் எத்தனை செக்டர் நன்றாக இருந்தது என்பது இனி தெரியவே தெரியாது. அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள்தான் டிடிரெஸ்க்யூவை எடுத்தேன். லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள். பிழை வந்த இடத்தைத் தாண்டிப் போய் நல்லதையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று மேப் கோப்பு ஒன்றில் குறித்துவைக்கும். திரும்பத் தொடங்கினால் கிடைக்காததை மட்டும் முயலும். செக்டர் அளவை 2048 பைட் என்று கொடுக்க வேண்டும். மூன்றாம் வட்டில் மொத்தம் 310,208 செக்டர். முதல் ஓட்டத்தில் கிடைக்காதவை 5,870.

பிறகு பிளாஸ்டிக்குக்கென்றே விற்கிற பாலிஷ் வாங்கினேன், 19 வெள்ளி. மேசையில் துண்டை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் வட்டை வைத்து, பட்டாணி அளவு பாலிஷ், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடு. இந்தத் தடவை வட்டமே போடவில்லை. கட்டை விரலை அழுத்தாமல், துணியின் எடையோடு இன்னும் கொஞ்சம் மட்டும். ஒரு சுற்றுக்கு நாற்பது இழுப்பு, பிறகு கழுவல், பிறகு திரும்ப. மூன்று சுற்று ஆனதும் பற்பசை மங்கல் மறைந்து என் முகம் தெரிந்தது. கிடைக்காதவை 640 ஆகக் குறைந்தன. துண்டு மிக முக்கியம். வட்டின் உயிர் மேல்பக்கம்தான் இருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கின் உச்சியில் அலுமினியப் படலம், அதன்மேல் சில மைக்ரான் அரக்குப் பூச்சு, பிறகு நேராக அச்சிட்ட படம். வெறும் மேசையில் வைத்துத் தேய்த்தால் அந்தப் பக்கம் சிராய்க்கும்.

அடுத்து டிரைவ்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், இது உண்மை. தெரிந்தவர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய மேசைக் கணினியிலிருந்து பழைய டிவிடி டிரைவ் 5 வெள்ளிக்குக் கிடைத்தது. அதை யுஎஸ்பியில் மாட்ட சிம் லிம் டவரில் அடாப்டர் வாங்கினேன், 24 வெள்ளி. 12 வோல்ட் மின்சாரம் தனியாகத் தரும் அடாப்டராக இருக்க வேண்டும். யுஎஸ்பியில் வரும் மின்சாரம் பெரிய டிரைவைச் சுழற்றாது. கடையிலிருந்த அங்கிள் அதைக் கேட்டுத்தான் கொடுத்தார், இல்லாவிட்டால் தப்பானதை வாங்கியிருப்பேன். வேகத்தை சிடியின் அடிப்படை வேகத்தைப்போல 4 மடங்குக்கு மட்டும் என்று குறைத்து, அதே மேப் கோப்போடு ஓடவிட்டேன். 640 என்பது 112 ஆனது. அண்ணனின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினியின் டிரைவைக் கழற்றி அதிலும் ஓட்டினேன். 41.

அங்கே நின்றுவிட்டது. பத்து முறை திரும்ப முயலச் சொல்லிவிட்டுப் படுத்தேன். ஏழு மணி நேரம் ஓடியும் காலையில் அதே 41. இன்னொரு சுற்றுப் பாலிஷ் போட்டுப் பார்த்தேன். அதே 41.

அப்போதுதான் மேப் கோப்பைத் திறந்து எண்களைப் பார்த்தேன். முதல் கெட்ட இடம் 387,409,920ஆவது பைட். 2048ஆல் வகுத்தால் 189,165ஆவது செக்டர். அடுத்த கெட்ட செக்டர் 18 தள்ளி. அதற்கடுத்தது இன்னும் 18 தள்ளி. பிறகு 17. பிறகு 18, 18. நாற்பத்தொன்றும் இப்படியே, பதினேழு அல்லது பதினெட்டு இடைவெளியில், வரிசை பிசகாமல். கீறல் கண்டபடி இருந்தால் இப்படி வராது.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். சிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டர். கோடு ஓடும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.25 மீட்டர். அப்படியானால் ஒரு செக்டரின் நீளம் 16.7 மில்லிமீட்டர். 189,165ஆவது செக்டர் நடுவிலிருந்து சுமார் 47 மில்லிமீட்டர் தள்ளி வரும். அங்கே ஒரு சுற்றின் நீளம் 295 மில்லிமீட்டர். 295ஐ 16.7ஆல் வகுத்தால் 17.7. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் அடி. நாற்பத்தொரு சுற்று. சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரான், ஆக மொத்த அகலம் 66 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்.

அடிக்குச்சியை வட்டின் நடுவில் வைத்து 47 மில்லிமீட்டரில் நகத்தால் தொட்டுக்கொண்டே சுற்றினேன். அடிப்பக்கம் ஒன்றுமில்லை. திருப்பினேன். மேல்பக்கம் அந்தத் தூரத்தில் நீலப் பேனாவில் எங்கள் அடுக்குமாடி புளோக் எண் எழுதியிருந்தது. பள்ளி நண்பன் ஒருவனுக்கு இரவல் போன வட்டு திரும்ப மூன்று மாதம் ஆனது, அதன்பிறகு அண்ணன் எல்லா வட்டிலும் எழுதிவைத்தான். எண்ணில் ஒரு 2 இருக்கிறது. அந்த 2இன் அடிக்கோடு நான்கு மில்லிமீட்டர் நீளம், சுருளின் போக்கோடு அப்படியே ஓடுகிறது. மற்ற இலக்கங்கள் எல்லாம் குறுக்கே வெட்டுவதால் அவற்றை டிரைவ் சமாளித்துவிட்டது. அந்த ஒரு கோட்டில் மட்டும் பேனா முனை அரக்குப் பூச்சை அழுத்தி அலுமினியத்தைக் கெடுத்துவிட்டிருக்கிறது. வட்டை மேசை விளக்குக்கு முன் பிடித்தால் அங்கே ஊசிமுனை ஒளி வரிசையாகத் தெரிகிறது.

நான் மூன்று வாரம் தேய்த்தது தப்பான பக்கம். மேல்பக்கம் போனது போனதுதான். எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது.

படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "நான் எழுதுனதுதான். அப்பா பேனா. அழுத்தித்தான் எழுதும் அது" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வட்டைத் தூக்கிப் போட்டுடாதே பாப்பா."

அந்த 41 செக்டர் எந்தக் கோப்பில் விழுகிறது என்று பார்த்தேன். ஐஎஸ்ஓவில், அதாவது முழு வட்டையும் ஒரே கோப்பாக எடுத்த நகலில், ஒவ்வொரு கோப்பும் எந்தச் செக்டரில் தொடங்குகிறது என்று பட்டியல் எடுக்கலாம். எல்லாமே கேமின் படங்களையும் தரவையும் கட்டிவைத்திருக்கும் ஒரே பிஃப் கோப்புக்குள், ஒரு காட்டுப் பகுதியின் தரைப் படத்தில் விழுந்திருந்தன. இந்தக் கேமில் ஒரு பெரிய பகுதி 5120க்கு 3840 புள்ளி. அது 64க்கு 64 அளவுள்ள ஓடுகளாக வெட்டி அடுக்கப்பட்டிருக்கும், குறுக்கே 80, நெடுக்கே 60. ஓர் ஓட்டுக்கு 5,120 பைட்: முதல் 1,024 நிறப் பட்டியல், மிச்சம் 4,096 படம். ஒரு செக்டர் போனால் பாதி ஓடு போகும். நிறப் பட்டியலில் விழுந்தால் ஓடே கறுத்துவிடும்.

குறையோடேயே கேமை நிறுவி அந்தக் காட்டுக்குப் போனேன். பார்க்க வேண்டும்போல இருந்தது. மண்பாதையில் நடக்கும்போது முதலில் ஒரு கறுப்புக் கட்டம். கிழக்கே ஏழு ஓடு தள்ளி இன்னொன்று, இது பாதி மட்டும், ஒரே நிறத்தைப் பூசியதுபோல. இன்னும் ஏழு தள்ளி இன்னொன்று. நான்கு வரிசைக்கு அப்படியே போகிறது. அண்ணன் 1999இல் போட்ட ஒரு பேனாக் கோடு அந்தக் காட்டில் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. ஆடுவதற்கு அதனால் ஒரு தடையும் இல்லை. இதோடு விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

விடவில்லை. பழைய பொருள் விற்கும் செயலியில் இதே கேம் 30 வெள்ளிக்கு வந்தது. பெட்டி இல்லை, கையேடு இல்லை, வட்டு மட்டும். தெம்பனிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வாங்கிக்கொண்டேன். அதன் மூன்றாம் வட்டும் முழுதாக இல்லை, விளிம்போரம் 900க்கும் மேலே செக்டர் படிக்கவில்லை. ஆனால் 47 மில்லிமீட்டரில் சுத்தம். கலப்பதற்கு முன் இரண்டும் ஒரே அச்சுதானா என்று உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பதிப்பைக் கலந்து மூன்றாவதாக ஒன்றைக் கெடுத்துவிடுவோம். உள்வளையத்தில் பொறித்த எண் ஒன்றுதான். மொத்தச் செக்டர் எண்ணிக்கை ஒன்றுதான். சேதமில்லாத பத்துக் கோப்புகளை இரண்டிலிருந்தும் எடுத்து, கோப்பின் கைரேகைபோன்ற ஷா-1 எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தேன், பத்தும் பொருந்தின. பிறகு இந்த வட்டை டிரைவில் போட்டு, என் பழைய ஐஎஸ்ஓவையும் மேப் கோப்பையும் கொடுத்தேன். அது 41 இடத்தை மட்டும் தேடிப் போய்ப் படித்தது. ஐந்து வாரம் இழுத்த வேலை, பதினோரு நொடி.

செலவு: மெலிதான டிரைவ் 36, அடாப்டர் 24, பழைய டிரைவ் 5, ஆல்கஹாலும் துணியும் 11, பாலிஷ் 19, இரண்டாவது வட்டுத் தொகுதி 30, வெற்று சிடியும் காகித உறைகளும் 13. மொத்தம் 138 வெள்ளி.

டார்மென்ட் வட்டுகளை அடுத்து எடுக்கப் போகிறேன். இந்தத் தடவை கிடைத்த நிலையிலேயே முதலில் டிடிரெஸ்க்யூ. அது முடிந்து மேப் கோப்பைப் பார்த்த பிறகுதான் தண்ணீரும் சோப்பும். பாலிஷைக் கையில் எடுப்பதற்கு முன் மேல்பக்கத்தை விளக்கில் பிடித்துப் பார்ப்பேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கேம்கள் சிலவற்றில் நகல் எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு இருக்கும். அதற்கு வேண்டிய டிரைவர் மென்பொருளை விண்டோஸ் 10இலிருந்து மைக்ரோசாஃப்ட் சேர்ப்பதில்லை, 2015இல் பழைய விண்டோஸ்களிலும் முடக்கிவிட்டது. அந்த வகை வட்டுக்கு வெறும் ஐஎஸ்ஓ எடுத்தால் போதாது. எக்ஸ்பி மடிக்கணினியை அதற்காகவே பத்திரமாக வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறைப் பை குப்பைக்குப் போய்விட்டது. வட்டுகள் இப்போது காகித உறையில், கேமரா வைக்கும் டிரை கேபினட்டில், 45 சதவீத ஈரப்பதத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. அப்பா பேனா எழுதிய அந்த மூன்றாம் வட்டும் அவற்றோடுதான்.

எக்ஸ்பி மடிக்கணினியில் ஐந்து வட்டின் தரவையும் நகல் செய்துவிட்டேன். கேமின் அமைப்புகளைக் குறித்திருக்கும் ஐஎன்ஐ கோப்பில் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு வரி உண்டு, அந்த வட்டு எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு. எல்லா வரியையும் ஹார்ட் டிஸ்க்குக்குத் திருப்பினால் கேம் வட்டே கேட்காது. நான்கு வரியைத் திருப்பினேன். மூன்றாம் வட்டின் வரியை டிரைவுக்கே விட்டுவைத்திருக்கிறேன். மீட்ட ஐஎஸ்ஓவை வெற்று சிடியில் எழுதி, நடுவில் தரவில்லாத வளையத்தில் மட்டும் மென்முனைப் பேனாவால் 3 என்று போட்டு, மடிக்கணினிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முக்காலி இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமை போய் எடுத்து வர வேண்டும்.